காய்ந்த இலைபோல் இரண்டு அந்துப்பூச்சிகள்: ஒரே இனமா, வேறு வேறா?

மாடிப்படி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான்கு மாதமாக இரவில் வாசல் விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளைக் கைபேசியில் படம் எடுத்து வருகிறேன். வண்ணத்துப்பூச்சி என்றால் புத்தகத்தைப் புரட்டி எப்படியாவது பெயரைக் கண்டுபிடித்துவிடுவேன். இதில் அது நடக்கவில்லை. எல்லாமே பழுப்பு, எல்லாமே கோடு.

மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

படம் 1, செவ்வாய் இரவு. சுவரில் உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்து இறக்கை முனை வரை ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். இறக்கையைக் கூரைபோல் சரித்து மூடியிருந்தது. பச்சை கலந்த பழுப்பு, மெல்லிய கீற்றுகள். முதலில் காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

படம் 2, வெள்ளி இரவு, அதே சுவர். அதே அளவு, அதே மாதிரி உட்காரும் விதம். ஆனால் இது செம்பழுப்பு, ஆங்காங்கே வெளிறிய திட்டுகள். கிட்டே போனதும் பறந்துவிட்டது. பறக்கும்போது உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அதைப் படம் எடுக்க முடியவில்லை.

படம் 3 மிகச் சிறியது, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். நான்கு இறக்கைகளையும் சுவரோடு சப்பையாக விரித்து ஒட்டியிருந்தது. மங்கலான தந்த நிறம், அலை அலையான மெல்லிய கோடுகள், ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு சின்னக் கரும்புள்ளி.

படத்தைப் பார்த்துப் பூச்சியின் பெயரைச் சொல்லும் செயலியில் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு படங்களுக்கும் யூடோசிமா ஃபலோனியா, யூடோசிமா மாட்டர்னா, யூடோசிமா அப்டா என்று மூன்று பெயர்கள் வருகின்றன. படத்தைக் கொஞ்சம் வெட்டிப் போட்டால் வரிசை மாறிவிடுகிறது. எதை நம்புவது? முன்னிறக்கையில் எந்தக் கோட்டைப் பார்த்தால் இந்த மூன்றையும் பிரிக்கலாம்? மூன்றாவது படத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது.


வயல்வரப்பு எழுதியது:

தம்பி, முதல் இரண்டும் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சிகள். யூடோசிமா என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, சரிதான். பழைய பூச்சியியல் நூல்களில் இதையே ஓத்ரெய்ஸ் என்று போட்டிருப்பார்கள். ஓத்ரெய்ஸ் ஃபுல்லோனியா என்று எங்காவது பார்த்தால் அது இன்றைய யூடோசிமா ஃபலோனியா. பெயர் இரண்டு, பூச்சி ஒன்று.

பொதுவாக அந்துப்பூச்சியின் புழுதான் பயிரைத் தின்னும். இதில் வளர்ந்த பூச்சியே சேதம் செய்யும். இதன் உறிஞ்சுகுழல் நுனி உறுதியானது, முட்கள் கொண்டது. பழத்தின் தோலைக் குத்தி உள்ளே இறக்கிவிடும். காலையில் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை மட்டும் இருக்கும். அந்த இடத்தில் அழுகல் தொடங்கி, பழம் உதிர்ந்துவிடும். இரவில் டார்ச் அடித்தால் கண்கள் தணல்போல் மின்னும்.

இனத்தைப் படத்தில் பிரிப்பது பற்றி எனக்கு ஒரு அனுபவம். 2018இல் மக்காச்சோளப் படைப்புழு, அதாவது ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டா, இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் பதிவானது. அப்புறம் எல்லாரும் என்னிடம் அந்துப்பூச்சிப் படத்தைக் காட்டி இதுவா இதுவா என்று கேட்டார்கள். ஆண் பூச்சிக்கு முன்னிறக்கை நுனியில் வெளிறிய முக்கோணத் திட்டு உண்டு, சொல்லிவிடலாம். பெண்ணுக்கு அது இல்லை, மொத்தமும் சாம்பல் கலந்த பழுப்பு. அதை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். "புழுவைக் காட்டுங்கள்" என்பேன். புழுவின் நெற்றியில் தலைகீழான ஒய் வடிவக் கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். அது இருந்தால் சந்தேகமே இல்லை.

உங்கள் பூச்சிக்கும் இப்படி ஓர் உறுதியான அடையாளம் உண்டு. வெள்ளைத்துணி அக்கா வந்தால் விவரமாகச் சொல்வார்.


வெள்ளைத்துணி எழுதியது:

ஐயா சொன்ன பேரினம் சரி. இனத்துக்கு வருகிறேன்.

மாடிப்படி, முன்னிறக்கையில் எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று கேட்கிறீர்கள். இந்தப் பூச்சிக்கு விடை முன்னிறக்கையில் இல்லை. நீங்கள் படம் எடுக்க முடியாமல் போன அந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது.

யூடோசிமாவின் முன்னிறக்கை இலைபோல் தெரிவதற்கென்றே அமைந்தது. ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் என்றுதான் சொல்வீர்கள். ஆனால் பின்னிறக்கை இரண்டுக்கும் ஒன்றுதான். பகலெல்லாம் மூடிவைத்து, ஆபத்து வந்தால் மட்டும் திறந்து காட்டும் இறக்கை அது.

மாட்டர்னாவின் பின்னிறக்கை ஆரஞ்சு. நடுவில் பொட்டு வைத்ததுபோல் வட்டமான ஒரு கறுப்புப் புள்ளி, ஓரத்தில் கறுப்புப் பட்டை, பட்டையின் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள். ஃபலோனியாவில் அந்தப் பொட்டுக்குப் பதிலாகத் தடித்து வளைந்த ஒரு கறுப்புத் திட்டு, காற்புள்ளியைப் பெரிதாக்கி வைத்ததுபோல் இருக்கும். ஒருமுறை இரண்டையும் பார்த்துவிட்டால் மறக்காது. சலமினியா என்று இன்னொன்றும் உண்டு. அதை மட்டும் மூடிய இறக்கையிலேயே சொல்லிவிடலாம்: பச்சை முன்னிறக்கை, ஓரத்தில் அகலமான வெளிறிய பட்டை. உங்களுடையது அது இல்லை.

அப்டா எப்படி வந்தது? அது அமெரிக்கக் கண்டங்களில் இருப்பது, மாட்டர்னாவுக்கு மிக நெருங்கிய சாயல். வெகுகாலம் அதையும் மாட்டர்னா என்றே எழுதிவந்தார்கள். நீங்கள் அங்கே இல்லை என்றால் அந்தப் பெயரை இப்போதே அடித்துவிடலாம். மற்ற இரண்டும் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கும் பரவியவை, அதனால் ஊர்ப் பெயரை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது.

செயலி தடுமாறுவதற்குக் காரணமும் இதுதான். மூடிய இறக்கையைக் காட்டிக் கேட்கிறோம், அது இருப்பதை வைத்துச் சொல்கிறது. வெட்டியதும் வரிசை மாறுகிறது என்றால் அதனிடம் போதுமான அடையாளம் இல்லை என்று பொருள். நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன், "இன்னொரு படம் வேண்டும்" என்று அது சொல்வதாக.

இப்போது நிறம். இதில் எனக்கு நிறைய ஆதங்கம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். படம் 1 பச்சை கலந்த பழுப்பு, படம் 2 செம்பழுப்பு என்கிறீர்கள். இரண்டு படத்திலும் சுவரைப் பாருங்கள். ஒன்றில் நீலம் பாய்ந்திருக்கிறது, இன்னொன்றில் மஞ்சள். சுவர் ஒன்றுதானே? கைபேசி ஒவ்வொரு படத்திலும் வெள்ளை எது என்று தானே ஒரு முடிவுக்கு வருகிறது. அது தவறினால் பூச்சியின் நிறமும் தவறும். இது போக, அந்துப்பூச்சியின் நிறம் முழுவதும் செதிலில் இருக்கிறது. பறக்கப் பறக்கச் செதில் உதிரும். பத்து நாள் வயதான பூச்சி கூட்டிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல் இருக்காது. அதனால் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கோடு, புள்ளி, அவை இருக்கும் இடம். செதில் பாதி உதிர்ந்த பூச்சியிலும் கோடு முன்விளிம்பில் தொடங்கும் இடம் நகராது.

நான் ஒன்பது ஆண்டாகத் துணி கட்டி விளக்கு வைத்துப் பார்க்கிறேன். இரண்டாம் ஆண்டு என் நோட்டில் "பழுப்பு அ", "பழுப்பு ஆ", "சாம்பல் இ" என்று மூன்று பூச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், தேதி, எண்ணிக்கை. ஒருநாள் துணியில் ஒன்று தடுமாறி விழுந்து இறக்கையை விரித்தது. பின்னிறக்கை கறுப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, ஓரத்தில் வெள்ளைத் திட்டுகள். பத்து நிமிடத்தில் இன்னொன்று, அது என் "சாம்பல் இ". அதிலும் அதே பின்னிறக்கை. மூன்று பக்கமும் அக்கேயா ஜனாட்டா, நம் ஆமணக்கு காவடிப்புழுவின் அந்துப்பூச்சி. அதன் முன்னிறக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வருடத்துக் கணக்கை உட்கார்ந்து ஒரே பக்கத்துக்கு மாற்றி எழுதினேன். அன்றிலிருந்து பின்னிறக்கை பார்க்காமல் இந்த வகைப் பூச்சிக்கு நான் பெயர் எழுதுவதில்லை.

ஹாம்ப்சன் என்று ஒருவர், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். அவற்றில் உள்ளே வரும் படங்கள் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரங்கள். இறக்கை விரித்த நிலையில் இருக்கும். வண்ணப்படம் இல்லாதது குறை என்று தொடக்கத்தில் நினைத்தேன். இப்போது அந்தச் சித்திரங்களைப் பார்த்துத்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறேன்.

செயலியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தாளில் ஒரு முக்கோணம் வரையுங்கள், அதுதான் முன்னிறக்கை. முன்விளிம்பு, வெளிவிளிம்பு, உள்விளிம்பு என்று மூன்று பக்கம். படத்தைப் பார்த்து, உட்கோடு (உடம்புப் பக்கம் உள்ள கோடு) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வெளிக்கோடு (வெளிவிளிம்புப் பக்கம் உள்ளது) நேரா, வளைந்ததா, பல் பல்லாக இருக்கிறதா, நடுவில் வட்டக்குறி இருக்கிறதா, அவரை விதைபோல் ஒரு குறி இருக்கிறதா, எல்லாவற்றையும் பென்சிலில் போடுங்கள். வரையும்போதுதான் நாம் பார்க்காமல் விட்டது தெரியும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

படம் எடுப்பது: கைபேசியைச் சுவருக்கு இணையாகப் பிடித்து நேர் மேலிருந்து ஒன்று. சாய்வாக எடுத்தால் முக்கோணம் குறுகிக் கோட்டின் வளைவு பொய்யாகிவிடும். பக்கவாட்டில் ஒன்று. அருகில் அளவுகோல் வைத்து ஒன்று. பின்னிறக்கைக்கு, பூச்சியைப் பிடிக்க வேண்டாம். பெரிய அந்துப்பூச்சிகள் பறப்பதற்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள இறக்கையை நடுக்கும். அப்போது முன்னிறக்கை கொஞ்சம் முன்னால் நகர்ந்து பின்னிறக்கை எட்டிப் பார்க்கும். அந்த நேரம் காணொளி எடுத்து, பிறகு அதிலிருந்து ஒரு சட்டகத்தை, அதாவது ஒற்றைப் படத்தை, பிரித்தெடுங்கள். நடுங்காமலே இருந்தால் புல் நுனியால் முன்னிறக்கை ஓரத்தை மெதுவாகத் தொட்டாலும் பெரும்பாலும் திறந்து காட்டும். ஒரு முறை போதும், திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யாதீர்கள்.

படம் 3 ஜியோமெட்ரிடே குடும்பம். முன்னிறக்கையின் கோடு அப்படியே பின்னிறக்கையிலும் தொடர்கிறது பாருங்கள், ஒரே இழுப்பில் கோலம் போட்டதுபோல். சப்பையாக ஒட்டி உட்கார்வதும் அந்தக் குடும்பத்தின் வழக்கம். நான்கு இறக்கையிலும் நடுப்புள்ளி இருப்பதால் ஸ்கோபுலா, அல்லது அதன் நெருங்கிய உறவான ஐடேயா (Idaea) பேரினம். ஸ்கோபுலாவில் மட்டும் பல நூறு இனங்கள். இந்தப் படத்தை வைத்து அதற்கு மேல் நான் போகமாட்டேன்.


நுண்நோக்கி எழுதியது:

அக்கா சொன்னதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இறக்கை அடையாளத்தை நம்பி இனப்பெயர் எழுதுவதே பல இடங்களில் தப்பு. அக்ரோனிக்டா சை, அக்ரோனிக்டா ட்ரைடென்ஸ் என்று ஐரோப்பாவில் இரண்டு உண்டு. சாம்பல் இறக்கையில் கறுப்புக் கத்திக் குறிகள், வளர்ந்த பூச்சிகளை வெளித்தோற்றத்தில் பிரிக்க வழியில்லை. புழுக்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தோற்றம். பூச்சியாகக் கிடைத்தால் இனப்பெருக்க உறுப்பை நுண்நோக்கியில் பார்க்க வேண்டும், இல்லை மரபணுவைப் பார்க்க வேண்டும். மாதிரி எடுத்து வைக்காமல் படத்தை மட்டும் வைத்து வேலை செய்தால் பதிவுகளில் பிழை குவியும்.


மாடிப்படி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அமெரிக்கா இல்லை அக்கா, அதனால் அப்டாவை அடித்துவிட்டேன்.

நேற்று இரவு படம் 2 போலவே ஒன்று வந்தது. அதே பூச்சியா என்று தெரியாது. இருபது நிமிடம் அசையாமல் இருந்தது. நானும் கைபேசியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு நீங்கள் சொன்ன அந்த நடுக்கம் தொடங்கியது. முதலில் குளிரில் நடுங்குவதுபோல் மெல்ல, அப்புறம் இறக்கை மங்கலாகத் தெரியும் அளவுக்கு வேகமாக. பறப்பதற்குச் சற்று முன் வலது பின்னிறக்கை வெளியே வந்தது. சட்டகத்தை இணைத்திருக்கிறேன், கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்பு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. எனக்கு வட்டமாகத்தான் தெரிகிறது. மாட்டர்னா என்று எழுதலாமா? அப்படியானால் படம் 1, 2 இரண்டும் மாட்டர்னாவின் ஆணும் பெண்ணும் என்று வைத்துக்கொள்ளலாமா?

படம் 3ஐ முக்கோணத்தில் வரைந்தேன். மூன்று கோடு என்று நினைத்திருந்தேன், வரையும்போது ஐந்து வந்தது. அதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

நுண்நோக்கி சார் சொன்னதைப் படித்ததும் ஒரு தயக்கம். பூச்சியைக் கொன்று வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியென்றால் நான் செய்வது பயனில்லாத வேலையா?


வெள்ளைத்துணி எழுதியது:

சட்டகம் அருமை. கலங்கல் இருக்கிறது, ஆனால் புள்ளியின் விளிம்பு எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது, வால் இழுக்கவில்லை. நேற்றைய பூச்சி யூடோசிமா மாட்டர்னா. தயங்காமல் எழுதுங்கள்.

படம் 1, 2க்கு அந்தப் பெயரைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே சுவர், ஒரே வாரம், சாயலும் இருக்கிறது, ஆனால் அவற்றின் பின்னிறக்கையில் இருக்கும் குறியை யாரும் பார்க்கவில்லை. ஆணும் பெண்ணுமாக இருக்கலாம் என்று எனக்கும் ஆசைதான். மாட்டர்னாவும் ஃபலோனியாவும் ஒரே இரவில் ஒரே விளக்குக்கு வந்து நான் பார்த்திருக்கிறேன். படம் 1, 2 இரண்டுக்கும் "யூடோசிமா" என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் பேரினம் வரை மட்டும் கொடுக்க இடம் இருக்கிறது. படம் 3க்கு "ஜியோமெட்ரிடே". கோடுகள் ஐந்து என்று குறித்துவையுங்கள், பின்னால் உதவும்.

நுண்நோக்கி, நீங்கள் சொல்வது அக்ரோனிக்டாவுக்கு முழுக்கச் சரி, ஸ்கோபுலாவுக்கும் சரி. நானும் படம் 3இல் அதனால்தான் நின்றேன். ஆனால் மாட்டர்னாவின் பொட்டைப் பார்த்த பிறகு அதைக் கொன்று நுண்நோக்கியில் வைக்க எந்தத் தேவையும் இல்லை. எந்தப் பூச்சியைப் படத்தில் முடிக்கலாம், எதை முடிக்க முடியாது என்பதே தனியாகக் கற்க வேண்டிய பாடம். மாடிப்படி, தேதி, நேரம், அளவு, உட்கார்ந்த விதம் எல்லாம் உள்ள ஒரு படம், இனப்பெயர் இல்லாவிட்டாலும் பதிவுதான். என் நோட்டில் பெயரில்லாத பக்கங்கள்தான் அதிகம். ஏழு ஆண்டு கழித்துப் பெயர் கிடைத்த பக்கமும் உண்டு.

இன்னொன்று. உங்கள் வீட்டைச் சுற்றி எங்காவது சீந்தில் கொடி இருக்கிறதா? யூடோசிமாவின் புழு பெரும்பாலும் அந்தக் குடும்பத்துக் கொடிகளைத்தான் தின்னும். கருத்த புழு, உடம்பின் பக்கவாட்டில் கண்போல் இரண்டிரண்டு குறிகள், தொட்டால் தலையைச் சுருட்டி உடம்பை வளைத்து நிற்கும். அது கிடைத்தால் வளர்த்து, கூட்டிலிருந்து வெளியே வரும் பூச்சியை அதே சுவரில் விடலாம். இறக்கை உலர்ந்து புத்தம் புதிதாக இருக்கும்போது, அவசரமில்லாமல், நல்ல வெளிச்சத்தில் எடுக்கலாம்.


வயல்வரப்பு எழுதியது:

தம்பி, இலையைக் கொடுக்கும்போது தினமும் புதிதாக அதே கொடியிலிருந்து பறித்துக் கொடுங்கள். ஈரம் தேங்கினால் புழு நோய் கண்டுவிடும். புழு இலைகளைச் சேர்த்துப் பட்டிழையால் கட்டி உள்ளே கூட்டுப்புழுவாக மாறும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.


மாடிப்படி எழுதியது:

சீந்தில் இருக்கிறது, பின்பக்க வேலி முழுவதும் ஏறியிருக்கிறது. இவ்வளவு நாள் வெட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இனி வெட்டமாட்டேன். சில இலைகளில் ஓட்டை தெரிகிறது. விடிந்ததும் அளவுகோலோடு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.